கடலூரில் பகலுக்கும் இரவுக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம்: புதிதாகக் கணக்கு வைப்பவர்களுக்கு

மொட்டை மாடியில் வெப்பமானி வைத்த முதல் வருடமே இரண்டு மாதக் கணக்கை நான் அப்படியே அடித்துவிட வேண்டியிருந்தது. நோட்டைப் பார்த்தால் இரவு வெப்பநிலை வாரத்துக்கு வாரம் ஏறியிருந்தது, பகல் இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி அழகாகச் சுருங்கிக்கொண்டே வந்தது. பூமி சூடாவது கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் மாடியிலேயே தெரிகிறது என்று நாலு பேரிடம் சொல்லியும் விட்டேன். அப்புறம்தான் கவனித்தேன், பக்கத்து வீட்டில் புதிதாக ஏசி மாட்டியிருந்தார்கள். அதன் வெளிப்பெட்டி ராத்திரி முழுக்க என் வெப்பமானியைப் பார்த்து அனல் ஊதிக்கொண்டிருந்தது.

அந்த ஏசியை வருடக்கணக்காக யாரும் கவனிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட கால வெப்பநிலைக் கணக்கில் வரும் சிக்கல்களில் பாதி அந்த மாதிரிதான். பகல், இரவு வெப்பநிலை இடைவெளி என்பது பார்ப்பதற்கு ஒரு சின்னக் கழித்தல். ஆனால் அது சொல்வது ஒன்று, நாம் கேட்டுக்கொள்வது இன்னொன்று. "முன்னெல்லாம் ராத்திரி சில்லுன்னு இருக்கும், இப்ப விடிய விடிய புழுக்கம்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது உண்மையா என்று கடலூரிலோ புதுச்சேரியிலோ உட்கார்ந்து சோதித்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு, நான் இடறி விழுந்த வழியையே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் எதை எதிலிருந்து கழிக்கிறோம்

ஒரு நாளின் அதிகபட்ச வெப்பநிலையிலிருந்து குறைந்தபட்ச வெப்பநிலையைக் கழித்தால் வருவதுதான் அன்றைய இடைவெளி. பகல் 35, விடியற்காலை 26 என்றால் 9 டிகிரி. அவ்வளவுதான்.

குறைந்தபட்சம் நடுராத்திரியில் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். தெளிந்த நாளில் அது சூரியன் உதிக்கும் நேரத்தை ஒட்டித்தான் வரும், அதுவரை தரை சூட்டை இழந்துகொண்டே இருக்கும். அதிகபட்சம் உள்நாட்டில் பிற்பகல் இரண்டு, மூன்று மணிவாக்கில் வரும். கடற்கரை ஊர்களில் அதற்கு முன்பே வந்துவிடலாம், காரணம் கடல்காற்று. தேவனாம்பட்டினத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எனக்கு இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிக்கொடுத்தார்: "கொண்டல் ஏறிட்டா வெயிலு அடங்கிடும் சார், கச்சான் புடிச்சு நின்னுட்டா அன்னைக்கு வேக்காடுதான்." கொண்டல் கிழக்கே கடலிலிருந்து வருவது, கச்சான் மேற்கிலிருந்து வருவது. கத்திரி வெயில் நாளில் மேற்குக் காற்று வலுவாக இருந்தால் கடல்காற்று உள்ளே நுழைய நேரமாகும். நுழைவதற்குள் பகல் வெப்பநிலை எகிறிவிடும். அன்றைய இடைவெளியும் கூடிவிடும். ஆக, நம் ஊரில் பகலின் உச்சத்தை வெயில் மட்டும் முடிவு செய்வதில்லை, கடல்காற்று எத்தனை மணிக்கு வருகிறது என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது. கடலிலிருந்து தள்ளி இருக்கும் விருத்தாசலத்துக்கு இந்தப் பாதுகாப்பு அவ்வளவாகக் கிடைப்பதில்லை. மாவட்டம் ஒன்றுதான், கணக்கு வேறு.

இன்னொன்று, ஐப்பசி அடைமழையில் இந்தக் கழித்தல் ஏமாற்றும். விடியற்காலை 25 டிகிரி இருந்திருக்கும், பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு பேய் மழை அடித்து 23-க்கு இறங்கும். அன்றைய குறைந்தபட்சம் பட்டப்பகலில் வந்திருக்கிறது! அதை 'இரவு வெப்பநிலை' என்று எழுதினால் பொய். அதனால்தான் கவனமாக எழுதுபவர்கள் பகல், இரவு என்று சொல்லாமல் அதிகபட்சம், குறைந்தபட்சம் என்றே சொல்கிறார்கள். நானும் பேச்சு வழக்குக்காக இரவு என்றுதான் சொல்லப்போகிறேன், இந்த ஓட்டையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த எண் ஏன் மாறுகிறது

வெப்பமானியைத் தொடுவதற்கு முன் இதைப் புரிந்துகொண்டால் பிற்பாடு கிடைக்கும் எண்களைப் பார்த்துத் திகைக்க வேண்டியிருக்காது.

பகலில் வெயில் தரையைச் சுட வைக்கிறது, தரை காற்றைச் சுட வைக்கிறது. சூடான காற்று மேலெழும்பி ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் உயரம் வரை கலந்துவிடும். இரவில் அந்தக் கலவை நின்றுபோய், தரையை ஒட்டி ஒரு மெல்லிய காற்றடுக்கு மட்டும் படிந்து கிடக்கும். ஒரே அளவு தீயை அண்டாத் தண்ணீருக்கு அடியில் வையுங்கள், டம்ளர் தண்ணீருக்கு அடியில் வையுங்கள். எது சீக்கிரம் சூடாகும்? பகல் அண்டா, இரவு டம்ளர். காற்றில் கூடுதலாகத் தங்கும் கொஞ்சம் வெப்பமும் இரவில் பெரிதாகத் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அடுத்தது மேகமும் ஈரமும். மேகம் பகலில் வெயிலை மறைத்து அதிகபட்சத்தைக் குறைக்கும், இரவில் தரையிலிருந்து போகும் வெப்பத்தைத் திருப்பி அனுப்பிக் குறைந்தபட்சத்தை உயர்த்தும். இரண்டு பக்கமும் சேர்ந்து அடிப்பதால் இடைவெளி சட்டென்று சுருங்கும். கார்த்திகையில் மந்தாரமாக இருக்கும் நாளின் இடைவெளியையும், மாசியில் வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும் நாளின் இடைவெளியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், புரிந்துவிடும். "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று சொன்னவர்கள் பேசியது இந்தத் தெளிந்த வானத்து ராத்திரியைத்தான். பனி இறங்குவதிலும் ஒரு நுட்பம் உண்டு. காற்று குளிர்ந்து பனித்துளி கட்ட ஆரம்பிக்கும் வெப்பநிலையைத் தொட்டதும், ஆவி நீராகும்போது வெப்பம் வெளிப்படும். அது அதற்குமேல் குளிர்வதைத் தாமதப்படுத்தும். அதனால் காற்றில் ஈரம் கூடினால் இரவு இறங்கக்கூடிய தளமே உயர்ந்துவிடுகிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். வாசலிலேயே வங்கக் கடலை வைத்திருக்கும் ஊருக்கு அந்த ஈரத்துக்குப் பஞ்சமில்லை.

மூன்றாவது தூசும் புகையும். அவை முக்கியமாகப் பகல் வெயிலைத்தான் தடுக்கும். நான்காவது நிலம். பாசனம் பாய்ந்த வயல் பகல் சூட்டைக் குறைக்கும். சிமென்ட்டும் தாரும் பகலில் குடித்த வெயிலை இரவில் கக்கும். கடலூர் 2021-இல் மாநகராட்சி ஆகிவிட்டது. ஆல்பேட்டையிலிருந்து முதுநகர் வரை கட்டடம் எப்படி நெருங்கிவிட்டது என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வானத்தில் மெல்லிய மூட்டம் இருந்தால்கூட இடைவெளி மாறும் என்பதற்கு ஒரு விசித்திரமான உதாரணம் உண்டு. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் மூன்று நாள் பயணிகள் விமானம் எதுவும் பறக்கவில்லை. விமானம் விட்டுச்செல்லும் வெண்புகைக் கோடுகள் இல்லாததால் அந்த நாட்களில் இடைவெளி வழக்கத்தைவிட ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் மேல் கூடியிருந்தது என்று டேவிட் டிராவிஸ் குழு 2002-இல் எழுதியது. இல்லை, அந்த மூன்று நாள் வானம் இயல்பாகவே தெளிவாக இருந்தது, அவ்வளவுதான் என்று பின்னால் வந்தவர்கள் மறுத்தார்கள். மூன்று நாள் கணக்கை வைத்துக்கொண்டு சண்டை தீராது. நமக்கு அதில் கிடைப்பது ஒரு எச்சரிக்கை, சில நாட்களை வைத்துக் கதை கட்டக்கூடாது.

வெப்பமானியை எங்கே வைப்பது

வானிலை நிலையங்களில் வெள்ளைப் பெயின்ட் அடித்த, பக்கமெல்லாம் சாய்வுச் சட்டம் போட்ட ஒரு மரப்பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். பெயர் ஸ்டீவன்சன் பெட்டி. வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சன் கலங்கரை விளக்கம் கட்டும் பொறியாளர், எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் அப்பா. வெயில் நேராகப் படக்கூடாது, காற்று தாராளமாகப் போய்வர வேண்டும், இரண்டுக்கும் ஒரே தீர்வு அந்தப் பெட்டி. நம் பக்கத்தில் கதவை வடக்குப் பார்த்து வைப்பார்கள், திறக்கும்போது வெயில் உள்ளே அடிக்காமல் இருக்க. வெப்பமானி தரையிலிருந்து சுமார் நாலு அடி உயரத்தில் இருக்கும்.

வீட்டுக்கு இவ்வளவு தேவையில்லை. வெள்ளை பிளாஸ்டிக் பூந்தொட்டித் தட்டுகளைக் கவிழ்த்து, நடுவில் இடைவெளி விட்டு ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகாணியில் அடுக்கினால் நல்ல கூடு தயார். உள்ளே அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளும் டிஜிட்டல் வெப்பமானி போதும். மண் தரையோ புல்லோ இருக்கும் தோட்டத்தில், சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். தோட்டம் இல்லையா? மாடியில் வைக்கலாம். ஆனால் மாடிக் கணக்கை வானிலை நிலையத்தின் கணக்கோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள், அந்தத் தளம் ராத்திரி பத்து மணி வரை தோசைக்கல்தான். மாடியின் இந்த வருடத்தை மாடியின் அடுத்த வருடத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

மலிவான கருவி அரை டிகிரி, ஒரு டிகிரி தப்பாகக் காட்டுமே என்று கவலைப்படுவார்கள். இங்கே ஒரு நல்ல செய்தி. ஒரே கருவி எப்போதும் அரை டிகிரி கூடுதலாகக் காட்டினால், அந்தத் தவறு அதிகபட்சத்திலும் இருக்கும், குறைந்தபட்சத்திலும் இருக்கும். கழிக்கும்போது அடிபட்டுப் போய்விடும். வெயில் கூட்டுக்குள் படுவதுதான் ஆபத்து, அது பகலை மட்டும் ஏற்றிவிடும். ஏசி காற்று இரவை மட்டும் ஏற்றுவது என் கதை.

வானிலை நிலையங்களில் இந்தச் சலுகை கிடையாது. அங்கே காலங்காலமாக அதிகபட்சத்துக்குப் பாதரச வெப்பமானி, குறைந்தபட்சத்துக்கு ஆல்கஹால் வெப்பமானி என்று இரண்டு தனிக் கருவிகள். ஒன்றை மாற்றினால் இடைவெளி மாறிவிடும்.

நோட்டில் எழுதும்போது விழும் பள்ளம்

தினமும் காலை 8:30-க்குப் பாருங்கள், எழுதுங்கள், கருவியின் நினைவை அழித்துவிடுங்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறையும் மழை, குறைந்தபட்ச வெப்பநிலைக் கணக்கை அந்த நேரத்துக்குத்தான் முடிக்கிறது. ஆறு மணிக்கு எழுந்து பார்ப்பது சுறுசுறுப்பாகத் தோன்றும், ஆனால் கூடாது. ஆறு மணிக்கு நினைவை அழித்தால் காற்று இன்னும் குளிராகவே இருக்கும். அந்தக் குளிரே மறுநாள் கணக்கிலும் குறைந்தபட்சமாகப் பதிந்து, ஒரே குளிர் இரண்டு முறை எண்ணப்படும். மதியம் மூன்று மணிக்கு அழித்தால் சூடு இரண்டு முறை.

இப்போது பள்ளம். செவ்வாய் காலை 8:30-க்குக் கருவி காட்டும் குறைந்தபட்சம் செவ்வாய் விடியலுடையது. அதே நேரத்தில் அது காட்டும் அதிகபட்சமோ திங்கள் பிற்பகலுடையது. இரண்டையும் ஒரே வரியில் எழுதிக் கழித்தால் திங்கள் பகலிலிருந்து செவ்வாய் இரவைக் கழிக்கிறீர்கள். வானிலை சீராக இருக்கும் மாதத்தில் பெரிய நஷ்டமில்லை. புயல் வந்து போகும் வாரத்தில் தாறுமாறாகும். நான் அதிகபட்சத்தை முந்தின நாள் வரியில் எழுதுகிறேன். எந்த முறை என்பது முக்கியமில்லை, முதல் பக்கத்தில் எழுதி வைத்துக் கடைசி வரை அதையே பிடித்துக்கொள்ள வேண்டும்.

எண்களோடு ஒரு சொல்லும் எழுதுங்கள். வானம் தெளிவு, மந்தாரம், மழை, பனி, கச்சான், எதுவானாலும். ஐந்து வருடம் கழித்து நோட்டைத் திறக்கும்போது அந்த ஒரு சொல்தான் கைகொடுக்கும்.

பழைய கணக்குக்கு எங்கே போவது

உங்கள் நோட்டு முப்பது வருடம் ஆக முப்பது வருடம் ஆகும். அதுவரை காத்திருக்க முடியாது இல்லையா? கடலூரிலும் புதுச்சேரியிலும் வானிலை ஆய்வுத் துறைக்கு நிலையங்கள் உண்டு. தினசரிப் பதிவுகளைத் துறையின் புனே அலுவலகத்தில் கேட்டுப் பெறும் வழி இருக்கிறது. அதற்கு முன் இலவசமாகக் கிடைப்பதை எடுங்கள். துறை, இந்தியா முழுவதையும் ஒரு டிகிரி கட்டங்களாகப் பிரித்து 1951 முதல் தினசரி அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலையை வெளியிட்டிருக்கிறது. கடலூருக்கு வடக்கு அட்சம் 11.5, கிழக்குத் தீர்க்கம் 79.5 என்ற கட்டத்தை எடுங்கள். பைத்தான் தெரிந்தவர்களுக்கு 'ஐஎம்டிலிப்' என்ற நிரல் தொகுப்பு இறக்கித் தரும். கோப்பில் 99.9 என்று வந்தால் அது கடலூரில் அடித்த வெயில் அல்ல, தரவு இல்லை என்ற குறி. அதை நீக்காமல் சராசரி போட்டுவிட்டு மயங்கி விழுந்தவர்கள் உண்டு.

ஒரு டிகிரி என்பது நூறு கிலோமீட்டருக்கு மேல். அந்தக் கட்டத்தில் கடலூரும் இருக்கும், நெய்வேலியும் இருக்கும், விருத்தாசலமும் இருக்கும். நம் கடற்கரையின் இடைவெளியைவிட அது காட்டும் இடைவெளி வேறாக இருந்தால் வியக்க வேண்டாம்.

இன்னொரு ஊற்று, ஐரோப்பிய வானிலை மையம் தரும் இஆர்ஏ5 என்ற தரவுத் தொகுப்பு. 1940 முதல் மணிக்கு மணி வெப்பநிலை கிடைக்கும். இது அளந்தது மட்டுமல்ல, கிடைத்த அளவுகளைக் கணினி வானிலை மாதிரிக்குள் செலுத்தி மறுபடி கணக்கிட்டது. மூன்று விஷயம் பாருங்கள். வெப்பநிலை கெல்வினில் வரும், 273.15 கழிக்க வேண்டும். கடலோரக் கட்டத்தில் பாதி கடலாக இருக்கலாம், கடலுக்கு இரவும் பகலும் பெரிய வித்தியாசமில்லை, ஆகவே இடைவெளி குறைவாக வரும். மூன்றாவது மிக மோசமானது. அதன் நாள் உலக நேரப்படி தொடங்குகிறது, நம் நேரத்துக்கு அது காலை 5:30. நம் ஊரின் மிகக் குளிர்ந்த நேரத்துக்கு நடுவிலேயே நாளை வெட்டுகிறது! முதலில் மணிகளை ஐந்தரை மணி நேரம் நகர்த்தி நம் நேரத்துக்கு மாற்றிக்கொண்டு, அப்புறம் நாள் வாரியாகப் பிரியுங்கள்.

கணக்கைக் கழுவுதல்

சலிப்பான வேலை. ஆனால் இதைச் செய்யாதவர் சொல்லும் முடிவை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

விடுபட்ட நாட்களை முதலில் எண்ணுங்கள். உலக வானிலை அமைப்பின் வழிகாட்டுதல்படி ஒரு மாதத்தில் 11 நாளோ அதற்கு மேலோ இல்லையென்றால், அல்லது தொடர்ந்து 5 நாள் இல்லையென்றால், அந்த மாதத்துக்குச் சராசரி போடக்கூடாது. நம் கடற்கரைக்கு இதில் ஒரு தனி வம்பு. எந்த நாட்களில் பதிவு விட்டுப்போக வாய்ப்பு அதிகம்? புயல் நாட்களில். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்தபோது மின்சாரம் எத்தனை நாள் இல்லை என்பது நினைவிருக்கும். 2020 நவம்பரில் நிவர், 2024 நவம்பர் 30-இல் பெஞ்சல். இப்படிப்பட்ட மூட்ட நாட்களில்தான் இடைவெளி மிகக் குறைவாக இருக்கும். அவை விட்டுப்போனால் அந்த மாதச் சராசரி இடைவெளி உண்மையைவிடப் பெரிதாகிவிடும். காலி வரிகள் எல்லா வகை நாளிலும் சமமாக விழுவதில்லை.

அடுத்து, திடீர்த் தாவல்கள். நிலையம் இடம் மாறியிருக்கலாம், பக்கத்தில் கட்டடம் வந்திருக்கலாம், கருவி மாறியிருக்கலாம். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2017-இல் நடைமுறைக்கு வந்தது. உலகெங்கும் பாதரச வெப்பமானிகள் மின்னணுக் கருவிகளுக்கு வழிவிட்டுவருவதற்கு அதுவும் ஒரு காரணம். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி, பக்கத்து ஊரைக் கழிப்பது. கடலூரின் வருடாந்திர இடைவெளியிலிருந்து புதுச்சேரியின் இடைவெளியைக் கழித்து வரைபடம் போடுங்கள். இரண்டு ஊருக்கும் நடுவே இருபத்திச் சொச்சம் கிலோமீட்டர்தான், ஒரே கடல், ஒரே வானம். மழை குறைந்த வருடம் இரண்டையும்தான் பாதிக்கும், கழித்தால் போய்விடும். கோடு சும்மா மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தால் சரி. ஒரு வருடத்தில் படிக்கட்டு ஏறியதுபோல் தாவி அங்கேயே நின்றுவிட்டால், இரண்டில் ஒரு நிலையத்தில் ஏதோ மாறியிருக்கிறது. எந்த ஊர் என்று தெரிய காரைக்காலையோ நாகப்பட்டினத்தையோ மூன்றாவது சாட்சியாக அழையுங்கள்.

தாவல் எல்லாமே கருவிக் கோளாறு என்றும் சொல்லிவிட முடியாது. தானே புயல் பண்ருட்டிப் பக்கம் முந்திரி, பலாத் தோப்புகளை வேரோடு சாய்த்தது. நிழல் போன நிலத்தில் பகலும் இரவும் பழையபடி இருக்காது. இந்த மாதிரி இடத்தில் ஊரைத் தெரிந்தவர் கணினிக்காரரைவிட நன்றாகக் கணக்குப் போடுவார்.

பருவத்தைப் பிரிக்காமல் சராசரி போடாதீர்கள்

வானிலைத் துறை வருடத்தை நான்காகப் பிரிக்கிறது: ஜனவரி முதல் பிப்ரவரி, மார்ச் முதல் மே, ஜூன் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் டிசம்பர். நாமும் அப்படியே பிரிப்போம். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த வருடத்தில் கடைசிப் பருவத்தின் இடைவெளி சுருங்கும், பொய்த்த வருடத்தில் விரியும். வருடச் சராசரி மட்டும் போட்டால், நீங்கள் அளப்பது வெப்பநிலை மாற்றத்தையா மழையின் ஏற்ற இறக்கத்தையா என்றே தெரியாமல் போகும். என் கருத்தில் கடலூருக்கு நம்பிக்கையான பருவம் ஜனவரி, பிப்ரவரிதான். மழை குறைவு, தெளிந்த ராத்திரிகள் அதிகம். அங்கே மாற்றம் தெரிந்தால் அதை மழையின் தலையில் கட்டுவது கடினம்.

போக்கைக் கண்டுபிடிப்பது

ஒவ்வொரு பருவத்துக்கும் மூன்று கோடுகள் வரையுங்கள்: அதிகபட்சம், குறைந்தபட்சம், இடைவெளி. மூன்றும் வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வையுங்கள்: இடைவெளியை மட்டும் தனியாகப் பார்க்காதீர்கள். ஒரு கற்பனைக் கணக்கு. முதல் பத்து வருடத்தில் 33-உம் 24-உம், இடைவெளி 9. கடைசிப் பத்து வருடத்தில் இடைவெளி 8.5. அது 33.5-உம் 25-உம் ஆக இருக்கலாம், அப்போது இரண்டுமே ஏறி, இரவு அதிகமாக ஏறியிருக்கிறது. 32.5-உம் 24-உம் ஆகவும் இருக்கலாம், அப்போது பகல்தான் குளிர்ந்திருக்கிறது, மூட்டமோ பாசனமோ காரணமாக இருக்கலாம். ஒரே 8.5, இரண்டு வேறு கதை. இடைவெளி மாறவே இல்லை என்றாலும் நிம்மதி இல்லை, இரண்டும் சேர்ந்தே ஒரு டிகிரி ஏறியிருக்கலாம்.

எக்செல்லில் 'ஸ்லோப்' என்ற சூத்திரம் வருடத்துக்கு எவ்வளவு என்று தரும், பத்தால் பெருக்கினால் பத்தாண்டுக்கு. ஓரிரு விசித்திர வருடங்கள் கோட்டை இழுத்துவிடும் என்ற பயம் இருந்தால் பிரணாப் குமார் சென் 1968-இல் எழுதிய முறை இருக்கிறது. ஒவ்வொரு இரண்டு வருடத்தையும் ஜோடி சேர்த்துச் சாய்வைக் கணக்கிட்டு, எல்லாச் சாய்வுகளின் நடு எண்ணை எடுப்பது. முப்பது வருடத்துக்கு 435 ஜோடி வரும், கணினிக்கு அது ஒரு கண் சிமிட்டல். கிடைத்த போக்கு தற்செயலா இல்லையா என்று பார்க்க மான்–கெண்டல் சோதனை கூடவே போகும்.

எந்த வருடத்தில் ஆரம்பிக்கிறீர்கள் என்பதை எப்போதும் சொல்லுங்கள். இந்த விஷயத்தில் உலகக் கதையே ஆரம்ப வருடத்தைப் பொறுத்து மாறியிருக்கிறது. தாமஸ் கார்ல் குழு 1993-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், 1951 முதல் 1990 வரை அவர்கள் பார்த்த நிலப்பரப்புகளில் குறைந்தபட்ச வெப்பநிலை 0.84 டிகிரி ஏறியது, அதிகபட்ச வெப்பநிலை 0.28 மட்டுமே. இரவு மூன்று மடங்கு வேகம். அதைப் படித்த தலைமுறைக்கு "இரவுதான் வேகமாகச் சூடாகும், இடைவெளி சுருங்கும்" என்பது சூத்திரமாகிவிட்டது. பிறகு 1979 முதல் 2004 வரை எடுத்துப் பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஏறியிருந்தன, இடைவெளியில் போக்கே இல்லை.

இந்தியாவுக்கு வாருங்கள். வானிலைத் துறையின் 2020 ஆண்டறிக்கைப்படி 1901 முதல் 2020 வரை நாட்டின் சராசரி அதிகபட்ச வெப்பநிலை நூறு வருடத்துக்கு 0.99 டிகிரி என்ற வேகத்தில் ஏறியது, குறைந்தபட்ச வெப்பநிலை 0.24 மட்டுமே. அதாவது உலகக் கதைக்கு நேர் எதிர், இடைவெளி விரிந்திருக்கிறது. நான் ஏசிப் பெட்டியிடம் ஏமாந்ததற்கு இதுவும் காரணம். படித்த கதையோடு நோட்டு ஒத்துப்போனதும் சந்தேகப்படுவதை நிறுத்திவிட்டேன். உங்கள் கணக்கு கார்ல் பக்கம் வருகிறதா இந்தியச் சராசரி பக்கம் வருகிறதா என்று முன்கூட்டியே முடிவு செய்யாதீர்கள். நாட்டுச் சராசரியில் ராஜஸ்தான் பாலைவனமும் இருக்கிறது, இமயமலை அடிவாரமும் இருக்கிறது.

சூடான ராத்திரியை எப்படி எண்ணுவது

இடைவெளியோடு நிற்காமல், சூடான இரவுகளின் எண்ணிக்கையையும் பாருங்கள். ஆனால் அளவுகோலைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். உலக அளவில் 'வெப்பமண்டல இரவு' என்றால் 20 டிகிரிக்குக் கீழே இறங்காத இரவு. கடலூரில் சித்திரையிலிருந்து ஐப்பசி வரை எந்த ராத்திரி 20-க்கு இறங்குகிறது? எல்லா இரவும் தேறிவிடும், ஒன்றும் தெரியாது. நம் வானிலைத் துறையின் 'வெப்ப இரவு' வரையறையோ, பகல் 40 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால்தான் கணக்கிலேயே வரும். அதன் பிறகு குறைந்தபட்ச வெப்பநிலை இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூட இருக்க வேண்டும். கடல்காற்று வாங்கும் ஊரில் 40 தொடும் நாள் குறைவு. ஆகவே மின்விசிறிக் காற்றே அனலாக வீசும் எத்தனையோ ராத்திரிகள் அந்தப் பட்டியலில் ஏறாது.

நமக்குப் பொருந்துவது நூற்றுமான (பர்சன்டைல்) முறை. 1991 முதல் 2020 வரை ஒவ்வொரு தேதியையும் ஒட்டிய நாட்களின் குறைந்தபட்சங்களை வரிசைப்படுத்தி, அதில் நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டும் எல்லையைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எல்லையைத் தாண்டும் இரவுகளை வருடா வருடம் எண்ணுங்கள். தை மாதத்துச் சூடான ராத்திரியும் வைகாசி மாதத்துச் சூடான ராத்திரியும் அதனதன் அளவில் எண்ணப்படும்.

இது புழுக்கத்தைப் பற்றிய புலம்பலுக்கு மட்டும் உதவுவதில்லை. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையப் பண்ணையின் பதிவுகளை வைத்து 2004-இல் வந்த ஆய்வில், வறண்ட பருவத்தில் குறைந்தபட்ச வெப்பநிலை 1 டிகிரி கூடினால் விளைச்சல் 10 சதவீதம் குறைந்தது. அதிகபட்சத்தின் தாக்கம் அப்படித் தெளிவாகத் தெரியவில்லை. காட்டுமன்னார்கோவில் பக்கம் வீராணத்துத் தண்ணீரில் நெல் போடும் சொந்தக்காரர் இருந்தால், மார்கழி, தை வாக்கில் தொடங்கும் நவரைப் பருவத்து இரவுக் கணக்கை அவருக்கு ஒரு பிரதி கொடுங்கள். என் மாமா என் எக்செல் தாளைப் பார்த்துவிட்டு, "இதுல கதிர் புடிக்கிற பத்து நாளை மட்டும் தனியா எடுத்துக் குடு மாப்ள, மத்தது உனக்கு" என்றார். எடுத்துப் பார்த்தேன். நான் மாதச் சராசரிக்குள் போட்டுப் புதைத்திருந்த ஏற்ற இறக்கம் அந்தப் பத்து நாளில்தான் இருந்தது.

ஆரம்பிக்க நல்ல நாள்

ஜனவரி முதல் வாரம். மழை ஓய்ந்திருக்கும், கூட்டுக்குள் ஈரம் புகுந்து கருவி கெடாது, முதல் மாதத்திலேயே பெரிய இடைவெளி கிடைப்பதால் தவறாக எழுதினாலும் கண்ணில் படும். கூட்டை மாட்டியதும் நாலு திசையிலிருந்தும் ஒரு போட்டோ எடுத்து, தேதி போட்டு வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே நாலு போட்டோவை மறுபடி எடுங்கள். புதுச் சுவர், வெட்டிய வேப்பமரம், கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, எல்லாம் அதில் விழும். ஏசிப் பெட்டியும்.